சாவியும் அனுமதியும்: கறுப்புத் திரையிலிருந்து கொள்கலன் கொத்தணி வரை

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள். உடப்புசல்லாவையில் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. வாப்பா கடையின் பாதிக் கதவை மட்டும் திறந்து வைத்திருந்தார். கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் எனது நானா லுஹர் தொழுகை முடிந்து வந்த கையோடு அவருடைய தொலைபேசி ஒலித்தது. பேசியபடியே மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கடையின் முன்பக்கத்துக்கு வந்தார். எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான்.

திரையில் படங்களோ பொத்தான்களோ இல்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் மட்டும். நானா ஒரு வரி தட்டினார். "நீங்கள் யார் என்று தெரியவில்லை" என்ற பொருளில் ஒரு பதில் வந்தது. தொலைபேசியில் வந்த இலக்கத்தைப் பதிந்து மீண்டும் உள்நுழைந்தார். அதே வரியைத் தட்டினார். இம்முறை வேறொரு பதில்: "நீங்கள் யார் என்று தெரியும். ஆனால் இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை."

"என்ன மகன், கதவு தொறக்குதில்லையா?" என்று வாப்பா கேட்டார்.

"கதவு தொறந்திட்டு வாப்பா. லாச்சிதான் தொறக்குதில்ல" என்றார் நானா.

வாப்பாவுக்கு அது உடனே விளங்கிவிட்டது. எங்கள் கடையில் வேலை செய்பவரிடம் முன்கதவுச் சாவி இருக்கிறது. காசு வைக்கும் லாச்சியின் சாவி வாப்பாவிடம் மட்டுமே இருக்கிறது. கடைக்குள் வரலாம் என்பது ஒன்று. லாச்சியைத் திறக்கலாம் என்பது வேறொன்று. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் நான் இந்த இரண்டையும் ஒன்றென்றே நினைத்திருந்தேன். அன்று மாலை முழுவதும் நானாவிடம் கேட்டவற்றையும், பின்னர் நானாகத் தேடிப் படித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

பெட்டியிலிருந்து கொத்தணிக்கு

முதலில் "கொள்கலன்" என்றால் என்னவென்று பார்ப்போம். இலங்கையின் ஏழு தேயிலைப் பிரதேசங்களில் எமது உடப்புசல்லாவையும் ஒன்று. இங்கிருந்து தேயிலை கொழும்புக்குப் போகிறது. அங்கிருந்து கொள்கலன்களில் அடைக்கப்பட்டுக் கப்பலேறுகிறது. கொள்கலன் வருவதற்கு முன்னர் ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியாகத் தூக்கி ஏற்றினார்கள். சாக்கு ஒரு விதம், மரப்பெட்டி ஒரு விதம், பீப்பாய் ஒரு விதம். 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவைச் சேர்ந்த மல்கம் மெக்லீன் என்ற லொறி வணிகர் 58 கொள்கலன்களைக் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதன் பின்னர் உள்ளே என்ன சரக்கு இருந்தாலும் வெளியே பெட்டி ஒரே அளவு என்றாயிற்று. எந்தத் துறைமுகத்தின் பாரந்தூக்கியும் அதைத் தூக்கலாம். எந்த லொறியும் அதைச் சுமக்கலாம்.

மென்பொருளுக்கும் இதே சிக்கல் இருந்தது. ஒருவர் தன்னுடைய கணினியில் எழுதிய நிரல் இன்னொருவருடைய கணினியில் ஓடாது. பைதனின் பதிப்பு மாறியிருக்கும். அல்லது தேவையான ஒரு துணைக்கோப்பு இருக்காது. நிரலையும் அது ஓடுவதற்குத் தேவையான அனைத்தையும் ஒரே பொதியில் கட்டிவிட்டால் எங்கே வைத்தாலும் ஓடும். அதுவே மென்பொருள் கொள்கலன். 2013ஆம் ஆண்டு வெளிவந்த டொக்கர் என்ற மென்பொருள் இதனை எளிதாக்கியது. கணினிக்குள் முழுக் கணினியையே போலச் செய்யும் மெய்நிகர்ப் பொறிகளைப் போல ஒவ்வொரு கொள்கலனும் தனக்கென ஒரு பணிசெயல் முறைமையைச் சுமப்பதில்லை. ஒரே கணினியிலுள்ள கொள்கலன்கள் அதன் பணிசெயல் முறைமையின் கருவைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே அவை எடை குறைந்தவை; சில விநாடிகளில் தொடங்கக்கூடியவை.

ஒன்றிரண்டு கொள்கலன்களை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான கொள்கலன்கள் நூற்றுக்கணக்கான கணினிகளில் ஓடினால் யார் பார்ப்பது? ஒரு கணினி பழுதானால் அதிலிருந்தவற்றை வேறிடத்தில் யார் தொடங்குவது? அதற்காகப் பல கணினிகளை ஒன்றாகக் கட்டி ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு தேவைப்பட்டது. அந்தக் கணினிக் கூட்டமே "கொத்தணி". கொத்தணிப் பாடசாலைகள் என்று நாம் சொல்வோமே, அதே சொல்தான். இதை நிர்வகிக்கும் மென்பொருள்களில் மிகவும் பரவலானது கூபர்நெட்டிஸ். 2014ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் இதைத் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டது. முதலாம் பதிப்பு 2015 ஜூலையில் வந்தது. கிரேக்க மொழியில் இந்தப் பெயருக்குக் கப்பலின் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். அதன் சின்னமும் ஒரு சுக்கான் சக்கரமே.

இதை எமது தேயிலைத் தொழிற்சாலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். "இன்று மூன்று ரோலர்கள் ஓட வேண்டும்" என்று டீமேக்கர் சொல்லிவிடுகிறார். ஒன்று நின்றுவிட்டால் அதற்குப் பதிலாக இன்னொன்றை ஓட வைப்பது தொழிற்சாலை ஊழியர்களின் பொறுப்பு. கூபர்நெட்டிஸும் அவ்வாறே. "இந்த நிரலின் மூன்று பிரதிகள் எப்போதும் ஓட வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால், ஒன்று நின்றதும் தானாகவே இன்னொன்றைத் தொடங்கும். கட்டளை பெறும் அலுவலகம் ஒன்று. வேலை நடக்கும் கணினிகள் பல. அந்த அலுவலகத்தின் வாசலில்தான் எனது நானா நின்றுகொண்டிருந்தார்.

ஏன் கறுப்புத் திரை?

அந்த அலுவலகத்தோடு பேசுவதற்கான கருவி கியூப்சிடிஎல். சிலர் இதைக் கியூப் கன்ட்ரோல் என்றும் உச்சரிப்பர். இது ஒரு கட்டளை வரிக் கருவி. அதாவது சுட்டியால் சொடுக்காமல் சொற்களைத் தட்டி வேலை வாங்கும் கருவி. "கியூப்சிடிஎல் கெட் பொட்ஸ்" என்று தட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் பொட்களின் பட்டியல் வரும். பொட் என்பது ஒன்றாகவே வைக்கப்படும் ஒரு கொள்கலன் அல்லது சில கொள்கலன்கள். கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். வாசிப்பதற்காக இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன்.

படங்களும் பொத்தான்களும் உள்ள திரைகள் இருக்கும்போது ஏன் இந்தப் பழைய வழி என்று நானும் கேட்டேன். மூன்று காரணங்கள் கிடைத்தன.

முதலாவது, எழுத்துக்கு அதிக இணையத் தரவு தேவையில்லை. ஒரு படம் திறக்கவே திணறும் சிக்னலில் ஒரு வரிக் கட்டளை போய்ச் சேர்ந்துவிடும். மலைநாட்டில் இருக்கும் எமக்கு இது சிறிய விடயமல்ல.

இரண்டாவது, கட்டளையை எழுதி வைக்கலாம். "இந்த இடத்தைச் சொடுக்கு, பின்னர் மேலே வலப்பக்கம் போ" என்று ஒருவருக்கு விளங்கப்படுத்துவது கடினம். ஒரு வரியை அப்படியே அனுப்பினால் பெறுபவர் அதையே தட்டலாம். செய்வதற்கு முன்னர் இன்னொருவர் வாசித்துப் பிழை பார்க்கவும் முடியும்.

மூன்றாவது, ஒரே வேலையை நூறு தடவை செய்ய வேண்டுமானால் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி ஓடவிடலாம். கை வலிக்காது, நடுவில் ஒன்றை மறக்கவும் மாட்டோம்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கறுப்புத் திரை பெரும்பாலும் "நிச்சயமாகவா?" என்று கேட்பதில்லை. அழி என்றால் அழித்துவிடும். ஆகவே யார் தட்டலாம், எதைத் தட்டலாம் என்ற கேள்வி இங்கே மிக முக்கியமாகிறது.

ஒரு கோப்பு, மூன்று பகுதிகள்

கியூப்சிடிஎல் யாரோடு பேச வேண்டும், யாராகப் பேச வேண்டும் என்பதை ஒரு கோப்பிலிருந்து வாசித்துக்கொள்கிறது. அதன் பெயர் கியூப்கொன்ஃபிக். வழமையாக இது பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் மறைவாக இருக்கும். அதைத் திறந்து பார்த்தால் மூன்று முக்கிய பகுதிகள் தெரியும்.

ஒன்று, கொத்தணி: அது இருக்கும் இணைய முகவரியும், அது உண்மையான கொத்தணிதானா என்று சோதிப்பதற்கான சான்றிதழும்.

இரண்டு, பயனர்: நான் யார் என்பதை நிரூபிக்கும் சான்று.

மூன்று, சூழல்: எந்தக் கொத்தணியில் எந்தப் பயனராக, எந்தப் பெயர்வெளியில் வேலை செய்கிறேன் என்ற இணைப்பு. பெயர்வெளி என்பது ஒரே கொத்தணிக்குள் பிரித்து வைத்த அறைகள் போன்றது.

ஒரே கோப்பில் பல கொத்தணிகளும் பல சூழல்களும் இருக்கலாம். பழகிப் பார்க்கும் கொத்தணி ஒன்று, பொதுமக்கள் பயன்படுத்தும் உண்மையான கொத்தணி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. பழகும் கொத்தணியில் இருக்கிறோம் என்று நினைத்து உண்மையான கொத்தணியில் "அழி" என்று தட்டிவிடலாம். ஆகவே எதையும் தட்டுவதற்கு முன்னர் "கியூப்சிடிஎல் கொன்ஃபிக் கரன்ட்-கொன்டெக்ஸ்ட்" என்று தட்டி இப்போது எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பது நல்ல பழக்கம். நானா இதை ஒவ்வொரு தடவையும் செய்வதைக் கவனித்தேன். பரீட்சை வினாத்தாளில் சுட்டெண் எழுதிய பின்னர் ஒரு தடவை சரிபார்ப்போமே, அது போலத்தான்.

அமேசன், கூகுள், மைக்ரோசொஃப்ட் போன்ற முகில் சேவை நிறுவனங்களில் கொத்தணியை வாடகைக்கு எடுத்தவர்கள் இந்தக் கோப்பைக் கையால் எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கட்டளை வரிக் கருவி வைத்திருக்கிறது. அதில் உள்நுழைந்து ஒரு கட்டளை தட்டினால் கியூப்கொன்ஃபிக் கோப்பில் தேவையான வரிகள் தாமாகவே சேர்ந்துவிடும்.

முதற் கேள்வி: நீங்கள் யார்?

நானாவுக்கு வந்த முதலாவது மறுப்பு 401 என்ற இலக்கம் கொண்டது. இது அத்தாட்சிப்படுத்தல் தொடர்பானது. வந்திருப்பவர் யாரென்று கொத்தணிக்குத் தெரியவில்லை.

எமது மலைநாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. பிரித்தானியர் காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் தொழிலாளியிடம் "துண்டு" இருக்க வேண்டும். அவருக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, எவ்வளவு கட்டினால் விடுவிக்கலாம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் கடதாசி அது. துண்டு இல்லாதவரை அடுத்த தோட்டம் சேர்க்காது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தினால் இந்த முறை ஒழிக்கப்பட்டது. பின்னர் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அந்தப் பிரச்சினை பல கட்டங்களாக இழுபட்டது. ஒரு கடதாசி இருப்பதும் இல்லாததும் மனிதரின் வாழ்வை எப்படி மாற்றும் என்பது எமது பிரதேசத்துக்கு நன்றாகத் தெரியும். அடையாளச் சான்று என்றால் அதை யார் வழங்குகிறார்கள், எவ்வளவு காலத்துக்கு வழங்குகிறார்கள், தவறானவர் கையில் கிடைத்தால் என்னவாகும் என்ற மூன்றையும் கேட்க வேண்டும். கணினிச் சான்றுக்கும் இதே மூன்று கேள்விகள்தான்.

கூபர்நெட்டிஸில் ஓர் ஆச்சரியம் உண்டு. மனிதப் பயனர்களின் பெயர்ப்பட்டியல் எதையும் அது தன்னிடம் வைத்திருப்பதில்லை. நம்பகமான ஒருவர் வழங்கிய சான்றை நீட்டினால் அதைச் சோதித்து ஏற்றுக்கொள்ளும். அந்தச் சான்று பல வகைப்படும்.

முதல் வகை இலக்கமுறைச் சான்றிதழ். கொத்தணி நம்பும் சான்றிதழ் அதிகார மையம் அதில் கையொப்பமிட்டிருக்கும். பயனரின் பெயரும் குழுவும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். இதில் ஒரு குறை இருக்கிறது. ஒரு தடவை வழங்கிய பயனர் சான்றிதழைத் தனியாக இரத்துச் செய்ய கூபர்நெட்டிஸில் வழியில்லை. காலாவதியாகும் வரை அது செல்லுபடியாகும். ஆகவே அது தொலைந்தால் பெரிய தலைவலி.

சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. இதை நான் எங்கள் கடையின் பழைய கணினியில் பட்டறிந்தேன். அதன் தாய்ப்பலகையிலுள்ள சிறிய மின்கலம் செயலிழந்திருந்தது. மின்சாரம் நின்று வந்தால் திகதி பல வருடங்கள் பின்னால் போய்விடும். அப்போது எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் "சான்றிதழ் செல்லாது" என்ற எச்சரிக்கை வரும். இணையமே பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பயந்தேன். கணினியின் பார்வையில் அந்தச் சான்றிதழ்கள் இன்னும் தொடங்கவேயில்லை! திகதியைத் திருத்தியதும் எல்லாம் சரியாயிற்று. கியூப்சிடிஎல்லிலும் இத்தகைய பிழை வரும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது கணினியின் கடிகாரம்.

இரண்டாவது வகை வில்லை. இது நீண்ட எழுத்துச் சரம். குறுகிய காலத்துக்கு மட்டும் செல்லும் சீட்டு போன்றது. பெரிய நிறுவனங்களில் ஊழியர்கள் ஒரே இடத்தில் உள்நுழைவார்கள். அந்த அடையாளச் சேவையகம் அவர்களுக்கு வில்லையை வழங்கும். கொத்தணி அந்த வில்லையின் கையொப்பத்தைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும். இதற்கான பொது நியமங்களில் ஒன்று ஓப்பன் ஐடி கனெக்ட். இந்த நியமத்தின்படி வேலை செய்யும் அடையாளச் சேவையகம் ஒன்று எமது நாட்டிலும் உருவாக்கப்படுகிறது. சஞ்சீவ வீரவரன உள்ளிட்டோர் 2005ஆம் ஆண்டு ஆரம்பித்த டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் ஐடென்டிட்டி சேர்வர் என்ற திறந்த மூல மென்பொருளே அது. கொழும்பில் இருக்கும் பொறியியலாளர்கள் எழுதும் நிரல் வெளிநாட்டு நிறுவனங்களின் வாசலில் "நீங்கள் யார்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

முகில் சேவைகளில் பெரும்பாலும் கியூப்கொன்ஃபிக் கோப்புக்குள் வில்லை இருப்பதில்லை. "தேவைப்படும்போது இந்தக் கருவியை ஓட்டி வில்லையைப் பெற்றுக்கொள்" என்ற அறிவுறுத்தலே இருக்கும். அமேசனின் கொத்தணிச் சேவையில் இவ்வாறு பெறும் வில்லை ஏறத்தாழ 15 நிமிடங்களே செல்லும். யாராவது திருடினாலும் கால் மணி நேரத்தில் பயனற்றதாகிவிடும். பெருநாள் லீவில் இருந்த நானாவின் உள்நுழைவும் காலாவதியாகியிருந்தது. முதல் மறுப்பு வந்ததற்குக் காரணம் அதுவே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொத்தணி எம்மைச் சோதிப்பது போல நாமும் கொத்தணியைச் சோதிக்கிறோம். கோப்பில் முதலாம் பகுதியில் இருந்த சான்றிதழ் அதற்குத்தான். இந்தச் சோதனையில் பிழை வந்தால் "சோதனையைத் தவிர்" என்று ஒரு தெரிவு உண்டு. அவசரத்தில் பலர் அதைப் போட்டுவிடுவார்களாம். முகம் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு அது சமம்.

இரண்டாம் கேள்வி: உங்களுக்கு என்ன அனுமதி?

நானாவின் இரண்டாவது மறுப்பு 403. இது அதிகாரமளித்தல் தொடர்பானது. அன்று பழுதாகியிருந்தது வேறொரு குழுவின் பெயர்வெளியிலிருந்த நிரல். அதற்குப் பொறுப்பானவர் பயணத்தில் இருந்தார். ஆகவேதான் நானாவுக்கு அழைப்பு வந்தது.

கூபர்நெட்டிஸில் அனுமதி இரண்டு படிகளாகக் கொடுக்கப்படுகிறது. முதலில் ஒரு வகிபாகம் எழுதப்படும்: "இந்தப் பெயர்வெளியில் பொட்களைப் பார்க்கலாம், ஆனால் அழிக்க முடியாது" என்பது போல. பின்னர் அந்த வகிபாகம் ஒரு பயனருடனோ குழுவுடனோ இணைக்கப்படும். கொடுக்காத எதுவும் தானாகக் கிடைக்காது. தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்தால் மட்டும் போதுமா? கொழுந்து எடுப்பவர் யார், தொழிற்சாலைக்குப் போபவர் யார் என்று பிரித்துச் சொன்ன பிறகுதானே வேலை தொடங்கும். அது போலத்தான்.

தனக்கு என்ன அனுமதி இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கவும் கட்டளை உண்டு. "கியூப்சிடிஎல் ஓத் கேன்-ஐ டிலீட் பொட்ஸ்" என்றால் "நான் பொட்களை அழிக்கலாமா?" என்று கேட்பதாகும். ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வரும். எதையும் உடைக்காமல் கேட்டுத் தெரிந்துகொள்ள இது நல்ல வழி.

ஒவ்வொருவருக்கும் அவருடைய வேலைக்குத் தேவையான அளவு அனுமதி மட்டும் கொடுக்க வேண்டும் என்பது பாதுகாப்பின் அடிப்படை விதி. எங்கள் கடை உதவியாளர் நேர்மையானவர். வாப்பா அவரை நம்பாமல் லாச்சிச் சாவியைக் கொடுக்காமல் இருக்கவில்லை. காசு குறைந்தால் அவர்மேல் வீண் சந்தேகம் வரக்கூடாது என்பதும் அதில் இருக்கிறது. குறைந்த அனுமதி நிறுவனத்தை மட்டுமல்ல, ஊழியரையும் பாதுகாக்கிறது.

சாவி தவறினால்

நானாவின் நண்பர் ஒருவர் தொலைபேசியில் ஒரு வழி சொன்னார். "என்னுடைய கியூப்கொன்ஃபிக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அதைப் போட்டு வேலையை முடி." அதில் எல்லா அனுமதியும் இருந்தது. இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். நானா மறுத்துவிட்டார். குழுத் தலைவருக்குச் செய்தி அனுப்பினார். ஏறத்தாழ அரை மணி நேரம் காத்திருந்தோம். தேநீர் ஆறிப்போனது. தற்காலிக அனுமதி வந்ததும் "ரோல்அவுட் அன்டூ" என்ற கட்டளையால் நிரலைப் பழைய பதிப்புக்குத் திருப்பினார். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் சரியாயிற்று.

"அந்த அரை மணி நேரம் வீண்தானே?" என்று கேட்டேன்.

"அவனுடைய பெயரில் நான் செய்தால் பதிவேட்டில் அவன் செய்ததாகத்தான் விழும். நாளைக்கு ஏதும் பிழைத்தால் அவன் பதில் சொல்ல வேண்டும். அது அமானித மோசடி இல்லையா?" என்று நானா திருப்பிக் கேட்டார்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கியூப்கொன்ஃபிக் கோப்பு வேறு கருவிகளை ஓட்டக்கூடியது என்று மேலே சொன்னேன். எனவே முன்பின் தெரியாதவர் அனுப்பிய கோப்பைப் பயன்படுத்தினால் அது எமது கணினியில் தீய நிரலையும் ஓட்டலாம்.

கவனக்குறைவு பெரிய நிறுவனங்களையும் விடவில்லை. 2018 பெப்ரவரியில் ரெட்லொக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. டெஸ்லா கார் நிறுவனத்தின் கூபர்நெட்டிஸ் நிர்வாகத் திரை ஒன்று கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது. உள்ளே நுழைந்தவர்கள் டெஸ்லாவின் கணினிகளைக் கொண்டு தமக்காக மின்னாணயம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொத்தணிக்குள் அமேசன் முகிலுக்கான சாவிகளும் இருந்தன. ஒரு கதவு திறந்திருந்ததால் அடுத்த அறையின் சாவியும் வெளியே தெரிந்தது.

எமது நாட்டிலும் ஒரு கசப்பான பாடம் உண்டு. அது கூபர்நெட்டிஸோடு தொடர்புடையதல்ல. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச முகில் மீது கப்பம் கோரும் தீநிரல் தாக்குதல் நடந்தது. அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் அழிந்தன. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்தக் காலப்பகுதிக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. சாவியைப் பாதுகாப்பது ஒரு கடமை. சாவி தவறினாலும் தப்பிக்க வழி வைத்திருப்பது இன்னொரு கடமை.

இந்த விடயங்கள் எங்கோ தூரத்தில் நடப்பவை அல்ல. 1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் கொவிட் ஊரடங்கின்போது 2020 ஏப்ரலில் இணையவழிக்கு மாறியது. எமது மலையில் பறித்த கொழுந்தின் விலை இன்று கணினித் திரையில் தீர்மானிக்கப்படுகிறது. வங்கிக் கணக்கு, பரீட்சைப் பெறுபேறு, பல்கலைக்கழக விண்ணப்பம் என்று எமது வாழ்க்கையின் பல பகுதிகள் யாரோ ஒருவர் காக்கும் சாவிக்குப் பின்னால் இருக்கின்றன.

நாமும் கற்கலாமா?

இதை வாசிக்கும் சகோதரிகள் "இதெல்லாம் பொறியியலாளர்களுக்கு" என்று நினைக்கலாம். தொடங்குவதற்குப் பட்டம் தேவையில்லை. மினிகியூப் என்ற இலவச மென்பொருள் ஒரு சாதாரண கணினிக்குள்ளேயே சிறிய கொத்தணியை உருவாக்கித் தரும். அதற்கு 2 ஜிகாபைட் வெற்று நினைவகமும் 20 ஜிகாபைட் வட்டு இடமும் போதும். அதுவும் இல்லாதவர்கள் கில்லர்கோடா போன்ற இணையத்தளத்தில் உலாவியிலேயே தற்காலிகக் கொத்தணியைத் திறந்து பழகலாம். நான் அவ்வாறுதான் பழகுகிறேன். நேரம் முடிந்ததும் அந்தக் கொத்தணி அழிந்துவிடும். ஆகவே எதை உடைத்தாலும் பயமில்லை. பழகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை இவை:

1. முதலில் லினக்ஸின் அடிப்படைக் கட்டளைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். கோப்புறைக்குள் போவது, கோப்பை வாசிப்பது போன்றவை.
2. எதையும் தட்டுவதற்கு முன்னர் எந்தச் சூழலில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.
3. மறுப்பு வந்தால் 401ஆ 403ஆ என்று பாருங்கள். முன்னதற்கு மீண்டும் உள்நுழைய வேண்டும். பின்னதற்கு அனுமதி கேட்க வேண்டும்.
4. கியூப்கொன்ஃபிக் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். எல்லோரும் பார்க்கும் இடத்தில் பதிவேற்றாதீர்கள்.
5. பிறருடைய கோப்பைக் கேட்டு வாங்காதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பெண்பிள்ளை கணினி முன் அமர்ந்திருந்தால் பல வீடுகளில் ஒரு பயம் வருகிறது. எங்கள் வீட்டிலும் அது இருந்தது. உயர்தரத்துக்கு இந்தப் பாடத்தை எடுத்தபோது வாப்பா சம்மதிக்கச் சில நாட்கள் ஆயின. "இதைப் படித்து இங்கே இருந்து என்ன செய்வாய்?" என்பதே அவருடைய கேள்வி. அன்று கடை வாசலில் இருந்தபடி நானா கொழும்பிலுள்ள வேலையை முடித்ததை அவர் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தார். இரவு கடையைப் பூட்டும்போது, "மகள், நீங்களும் இப்படி இங்கிருந்தே செய்யலாமா?" என்று கேட்டார். "படித்தால் செய்யலாம் வாப்பா" என்றேன். அவர் வேறெதுவும் சொல்லவில்லை. மறுநாள் கடைக் கணினிக்குப் புதிய மின்கலம் வாங்கி வந்தார்.

அமானிதத்தைப் பேண வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே எமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பிறர் தந்த பொருளைக் காப்பதும், உரிமையில்லாத கதவைத் தட்டாமல் இருப்பதும், நமது பெயரில் நடப்பவற்றுக்கு நாமே பதில் சொல்வதும் அதில் அடங்கும். கணினிச் சாவிகளைக் காக்கும் தொழிலுக்கு வேண்டிய முதல் தகுதியும் இதுவே. கட்டளைகளைக் கற்றுக்கொள்ளச் சில மாதங்கள் போதும். இன்ஷா அல்லாஹ், எமது கல்லூரியிலிருந்தும் அந்தச் சாவிகளை நம்பி ஒப்படைக்கத்தக்க பெண்கள் உருவாகட்டும்.